குழந்தையோட ஏற்காட்டுக்குக் குடிபோகலாமா? பிறந்தநாள் செலவுல இருந்து வீடு மாத்தற செலவு வரைக்கும் ஒரு முழுக் கணக்கு



வீட்ல ஒரு சின்னக் குழந்தை வந்ததுக்கு அப்புறம் சம்பளம் அதே சம்பளமா இருந்தாலும் கணக்கு மொத்தமா மாறிடும். டயப்பர், டாக்டர், டேகேர்னு ஒரு பக்கம் போகும். தொட்டில் விழா, முதல் பிறந்தநாள், மொட்டை, காதுகுத்துன்னு இன்னொரு பக்கம் போகும். இதுக்கு நடுவுல ஒரு நாள் ராத்திரி, டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் நின்னு வீட்டுக்கு வந்து, தூங்கிப்போன குழந்தையைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி வரும்: "பேசாம ஊருக்கே போயிடலாமா?"

உங்க ஊர் சேலம் பக்கம்னா அந்தக் கேள்வி இன்னும் குளிர்ச்சியா வரும்: "ஏற்காட்டுக்கே போயிட்டா என்ன? வேலை லேப்டாப்ல தானே?"

இந்தக் கட்டுரை ரெண்டு வகை ஆளுங்களுக்கு. ஒண்ணு, சென்னையிலோ பெங்களூருலயோ வேலை பார்த்துக்கிட்டு, குழந்தையை மலைக்காத்துல வளர்க்கலாம்னு நினைக்கிறவங்க. இன்னொண்ணு, ஏற்காட்டிலேயோ சேர்வராயன் மலைக் கிராமங்கள்லயோ பிறந்து, படிச்சு, வேலைக்காகக் கீழே இறங்கினவங்க. உங்க அப்பா அம்மா இன்னும் மேலே தான் இருக்காங்க, பேரனையோ பேத்தியையோ பார்க்கணும்னு போன்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஆசை நியாயம் தான். ஆனா ஆசைக்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்றது தான் நம்ம வேலை.

முதல்ல கொண்டாட்டம்: முதல் பிறந்தநாளுக்கு இ.எம்.ஐ. வேண்டாம்

வீடு மாத்தறது பெரிய முடிவு, அது பின்னாடி வரட்டும். அதுக்கு முன்னாடியே நிறைய பேர் பணத்தை விடற இடம் முதல் பிறந்தநாள். இப்ப ஏற்காட்டுல ரிசார்ட் எடுத்து, ஏரி தெரியற மாதிரி பலூன் கட்டி, போட்டோகிராபர் வெச்சுக் கொண்டாடறது ஒரு வழக்கமாவே ஆகிட்டு வருது.

ஒரு கணக்குக்கு எடுத்துக்குவோம். 40 பேர், ரூம், சாப்பாடு, அலங்காரம், போட்டோ, வேன் எல்லாம் சேர்ந்து 1,20,000 ரூபாய்னு வைங்க. கையில பணம் இல்ல, பர்சனல் லோன் எடுக்கறீங்க. 14% வட்டி, 24 மாசம். மாசம் சுமார் 5,760 ரூபாய் இ.எம்.ஐ. மொத்தம் கட்டறது சுமார் 1,38,000. அதாவது குழந்தைக்கு மூணு வயசு ஆகற வரைக்கும் நீங்க முதல் பிறந்தநாளுக்குத் தவணை கட்டிக்கிட்டே இருப்பீங்க. நடுவுல ரெண்டாவது பிறந்தநாள் வேற வந்துடும்.

கொண்டாடவே கூடாதுன்னு நான் சொல்லல. ஏற்காட்டுல கொண்டாடணும்னா மே மாசத்தைத் தவிர்த்துப் பாருங்க. கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் பெரும்பாலும் மே மாசத்துல தான் நடக்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாசம் தான். கூட்டம் மொத்தமும் அப்போ மேலே இருக்கும், ரூம் வாடகையும் அப்போ தான் உச்சத்துல இருக்கும். குழந்தை ஜூலையில பிறந்திருந்தா உங்களுக்கு ஏற்கனவே தள்ளுபடி கிடைச்ச மாதிரி. மே மாசம் பிறந்திருந்தா, பிறந்தநாளை வீட்ல கேக் வெட்டி முடிச்சுட்டு, மலைப் பயணத்தை ஒரு மாசம் கழிச்சு வார நாள்ல வெச்சுக்கோங்க. ஒரு வயசுக் குழந்தை தேதி பார்க்காது.

இன்னொரு நடைமுறை விஷயம். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. வயிறு முட்டப் பால் கொடுத்துட்டு உடனே கிளம்பினா, பத்தாவது வளைவுக்குள்ள புது பட்டுப் பாவாடை வாந்தியில நனைஞ்சிடும். கொஞ்சமா கொடுத்து, நடுவுல ரெண்டு தடவை நிறுத்திப் போங்க.

மொய்க்கும் தங்கத்துக்கும் கணக்கு இருக்கு

காதுகுத்துன்னா தாய்மாமன் சீர் வரும், மொய் வரும். மொய் நோட்டை எல்லாரும் எழுதி வெச்சுக்கறோம். ஆனா அது இலவசப் பணம் இல்ல, வட்டியில்லாக் கடன். அவங்க வீட்டு விசேஷத்துல நாம திருப்பி வைக்கணும். அதனால மொய்ப் பணம் வந்ததும் விழா செலவை அடைக்கறதுக்குக் காலி பண்ணாம, ஒரு பகுதியையாவது ஆர்.டி.யிலயோ லிக்விட் ஃபண்டுலயோ தனியா வைங்க. அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல திருப்பி வைக்க அது தான் உதவும்.

வரி விஷயத்தையும் தெரிஞ்சுக்கோங்க. உறவினர் கொடுக்கற பரிசுக்கு வருமான வரி கிடையாது. தாத்தா, பாட்டி, தாய்மாமன், அத்தை, சித்தப்பா எல்லாரும் சட்டத்துல சொல்ற உறவினர் பட்டியல்ல வர்றாங்க. ஆனா நண்பர்கள், ஆபீஸ் ஆளுங்க கொடுக்கற பணம் ஒரு வருஷத்துல மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினா முழுத் தொகைக்கும் வரி உண்டு. கல்யாணத்துக்கு வர்ற பரிசுக்குத் தான் முழு விலக்கு. பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் அந்த விலக்கு கிடையாது. குழந்தை பேர்ல வந்தாலும், அப்பா அம்மால யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க வருமானத்தோட தான் சேர்ப்பாங்க.

தங்கம் வாங்கும்போது ஒண்ணு பாருங்க. குழந்தைக்கு வாங்கற கம்மல், மோதிரம் மாதிரி சின்ன நகையில செய்கூலியோட பங்கு அதிகமா இருக்கும். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல. அதனால கேட்டு வாங்குங்க, பில்லைப் பத்திரமா வைங்க.

சீர் கொண்டு வர்ற தாய்மாமன்கிட்ட ஒரு யோசனை சொல்லிப் பாருங்க: "மாமா, அரை பவுனுக்குப் பதிலா கால் பவுன் போடுங்க, மிச்சத்தைப் பாப்பா பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல போட்டுடலாம்." பொண்ணுன்னா செல்வமகள் சேமிப்புத் திட்டம். 10 வயசுக்குள்ள ஆரம்பிக்கணும். வருஷத்துக்குக் குறைஞ்சது 250, அதிகபட்சம் 1,50,000. 15 வருஷம் கட்டணும், 21 வருஷத்துல முதிர்வு. 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2%. ஒவ்வொரு காலாண்டும் அரசு மாத்தலாம், சேரும்போது ஒரு தடவை பார்த்துக்கோங்க. மாசம் 2,000 கட்டினா நீங்க போடறது மொத்தம் 3,60,000. இதே வட்டி கடைசி வரைக்கும் நீடிச்சா கையில வர்றது 11 லட்சத்தைத் தாண்டும். பையன்னா பி.பி.எஃப்., இல்லன்னா ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்.ஐ.பி. போதும்.

இப்ப மலையைப் பத்திப் பேசுவோம்

ஏரியும் காடும் சேர்ந்தது தான் ஏற்காடு. சேர்வராயன் மலையில கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்க காபியைக் கொண்டு வந்தார். அதுல இருந்து மலையோட பெரும் பகுதி காபி எஸ்டேட்டாவும், மிளகு, ஆரஞ்சு, சில்வர் ஓக் மரத் தோட்டமாவும் இருக்கு. அதுக்கு வெகுகாலம் முன்னாடியே மலையாளி பழங்குடி மக்கள் இங்க வாழ்ந்துக்கிட்டு இருக்காங்க, இன்னைக்கும் மலைக் கிராமங்கள்ல வாழறாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, வீட்டு மார்க்கெட்டே இதை வெச்சுத் தான் அமைஞ்சிருக்கு. எஸ்டேட் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம், ஏரியைச் சுத்தி லாட்ஜும் ரிசார்ட்டும் ஒரு பக்கம். சம்பளக்காரக் குடும்பம் வருஷக்கணக்குல தங்கற மாதிரி வாடகை வீடு நகரம் அளவுக்குக் கிடைக்காது. நாலு நாள் வாடகைக்கு விட்டாலே நல்ல காசு வர்ற இடத்துல, வீட்டுக்காரர் உங்களுக்கு மாச வாடகைக்கு ஏன் விடணும்? விட்டாலும் "மே மாசம் மட்டும் காலி பண்ணிக் கொடுங்க"ன்னு சொல்ற ஆபத்து உண்டு. அதனால ஒப்பந்தத்தை எழுத்துல போட்டு, குறைஞ்சது 11 மாசம் காலி பண்ணச் சொல்லக் கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க.

மாசக் கணக்கு: மிச்சம் எங்க வருது, ஓட்டை எங்க விழுது

ஒரு உதாரணக் குடும்பத்தை எடுத்துக்குவோம். கணவர் கையில வாங்கற சம்பளம் 55,000. மனைவி கையில வாங்கறது 38,000. ரெண்டு வயசுல ஒரு குழந்தை. கீழே இருக்கற நம்பர் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் போட்டது, உங்க நம்பரை வெச்சு நீங்க போட்டுப் பாருங்க.

சென்னையில இருந்தா:
- வாடகை, பராமரிப்பு: 22,000
- டேகேர்: 9,000
- ஆபீஸ் போய்வர: 6,000
- மொத்தம்: 37,000

ஏற்காட்டுல இருந்தா:
- வாடகை: 11,000
- டேகேர்: 0 (தாத்தா பாட்டி பார்த்துக்கறாங்க)
- ரெண்டாவது இண்டர்நெட் இணைப்பு, இன்வெர்ட்டர் செலவு: 2,000
- சேலம் போய்வர பெட்ரோல்: 4,000
- மாசம் ஒரு தடவை சென்னை ஆபீஸ்: 3,000
- மொத்தம்: 20,000

மாசம் 17,000 மிச்சம். வருஷத்துக்கு 2,04,000. அடேங்கப்பா, உடனே கிளம்பிடலாம்னு தோணும். இருங்க.

இந்தக் கணக்கு ரெண்டு பேர் வேலையும் மேலே வந்தா மட்டும் தான் நிக்கும். கணவருக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் கிடைச்சு, மனைவிக்குக் கிடைக்கலன்னா என்ன நடக்கும்? பெரும்பாலான வீட்ல நடக்கறது தெரிஞ்ச கதை: "நீ கொஞ்ச நாள் வேலையை விட்டுடு, குழந்தை பெருசானதும் பார்த்துக்கலாம்." அந்த ஒரு வாக்கியத்தோட விலை மாசம் 38,000. மிச்சம் பண்ற 17,000-ஐ அதுல கழிச்சா, குடும்பத்துக்கு மாசம் 21,000 நஷ்டம். வருஷத்துக்கு 2,52,000. இதுல பி.எஃப்., இன்க்ரிமெண்ட், கம்பெனி கொடுக்கற மெடிக்கல் இன்சூரன்ஸ் எதையும் நான் சேர்க்கல. மூணு வருஷம் கழிச்சு திரும்ப வேலைக்குப் போகும்போது பழைய சம்பளத்துலயே உட்கார வேண்டி வரலாம், அதையும் சேர்க்கல.

பணத்தை விடுங்க. படிச்சு, பரீட்சை எழுதி, இண்டர்வியூ கொடுத்து வாங்கின வேலை அது. அதை விடறதா வேண்டாமான்னு சொல்ல வேண்டியது அவங்க தான். "குழந்தைக்காக"ன்னு சொல்லி ஒருத்தர் தலையில மட்டும் விலையை ஏத்தக் கூடாது. எக்ஸெல் ஷீட்டை ரெண்டு பேரும் பக்கத்துல உட்கார்ந்து போடுங்க.

முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுப் பார்க்க சட்டத்துலயே ஒரு வழி இருக்கு. அதுப்படி, முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு. அது முடிஞ்ச பிறகு, வேலையோட தன்மை இடம் கொடுத்தா, கம்பெனியும் ஊழியரும் ஒத்துக்கிட்ட காலத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம். 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல குழந்தைகள் காப்பக வசதியும் இருக்கணும். வேலையை விடறதுக்கு முன்னாடி எச்.ஆர்.கிட்ட இதை மெயில்ல கேளுங்க. வாய்ல கேட்டா வாய்ல தான் பதில் வரும்.

வரியில ஒரு சின்ன அதிர்ச்சி

பழைய வரி முறையில இருந்தா எச்.ஆர்.ஏ.வைப் பாருங்க. மூணு தொகையில எது குறைவோ அதுக்குத் தான் விலக்கு: வாங்கற எச்.ஆர்.ஏ., வாடகையில பேசிக் சம்பளத்தோட 10% கழிச்சது, பேசிக்ல 50% (சென்னை மாதிரிப் பெருநகரம்) அல்லது 40% (மத்த ஊர்).

பேசிக் 30,000, எச்.ஆர்.ஏ. 15,000-னு வைங்க. சென்னையில வாடகை 22,000 கொடுத்தா மாசம் முழு 15,000-க்கும் விலக்கு. ஏற்காட்டுல 11,000 வாடகைன்னா விலக்கு 8,000 தான். வருஷத்துக்கு 84,000 கூடுதலா வரிக்குள்ள வரும். 20% வரம்புல இருந்தா செஸ்ஸோட 17,472 ரூபாய். மேல சொன்ன மிச்சத்துல ஒரு மாசத்துது அப்படியே போச்சு. புதிய வரி முறையில இருந்தா எச்.ஆர்.ஏ. விலக்கே இல்ல, அதனால இந்த வித்தியாசமும் இல்ல.

அப்பா வீட்லயே தங்கி அவருக்கு வாடகை கொடுத்தும் விலக்கு வாங்கலாம். ஆனா நிஜமாவே மாசாமாசம் பேங்க்ல போட்டிருக்கணும், அவரும் தன் வருமானத்துல காட்டணும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா அவரோட பான் நம்பரையும் கொடுக்கணும்.

டாக்டர் எவ்வளவு தூரத்துல இருக்கார்?

ரொமான்ஸ் முடியற இடம் இது தான். ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல். ஏற்காட்டுல அரசு மருத்துவமனை இருக்கு. முதல் உதவிக்கும் தடுப்பூசிக்கும் அது போதும். ஆனா குழந்தைகள் ஐ.சி.யூ., ஸ்பெஷலிஸ்ட்னு வந்தா சேலத்துக்குத் தான் இறங்கணும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்க இருக்கு, தனியார் மருத்துவமனைகளும் இருக்கு. பகல்ல ஒரு மணி நேரம். ராத்திரி மூடுபனியில, மழையில எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழையப்போ மலைப்பாதையில மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. குப்பனூர் வழியா இன்னொரு பாதை இருக்குன்னாலும், பெருமழைக்கு ரெண்டு பாதையும் ஒரே மலையில தான் இருக்கு.

இதைப் படிச்சுட்டுப் பயப்பட வேண்டாம். மலைக் கிராமத்துல இருக்கறவங்க இதை வெச்சுத் தான் தினமும் வாழறாங்க. பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் இறங்கி ஏறறாங்க. அவங்களுக்கு இது தேர்வு இல்ல. உங்களுக்குத் தேர்வு இருக்கு, அதனால தயாராப் போங்க:

1. குழந்தைக்கு அடிக்கடி வீசிங், வலிப்பு, இதயப் பிரச்சினைன்னு ஏதாவது இருந்தா, உங்க குழந்தை டாக்டர்கிட்ட கேக்காம வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஈரக் குளிரும், சுவத்துல பிடிக்கற பூஞ்சையும் எல்லா குழந்தைக்கும் ஒத்துக்காது.
2. மெடிக்கல் இன்சூரன்ஸ்ல குழந்தை பேர் சேர்ந்திருக்கான்னு பாருங்க. கம்பெனி குரூப் பாலிசியில பெரும்பாலும் பிறந்த நாள்ல இருந்தே சேர்க்கலாம், தனிப் பாலிசியில காத்திருப்புக் காலம் இருக்கலாம். கேஷ்லெஸ் பட்டியல்ல சேலத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்குன்னு இப்பவே குறிச்சு வைங்க.
3. டெர்ம் இன்சூரன்ஸ் இல்லாம மலைப்பாதையில மாசம் நாலு தடவை இறங்கி ஏறாதீங்க. கார், பைக் பாலிசியில 15 லட்சம் ரூபாய் உரிமையாளர் விபத்துக் காப்பீடும் இருக்கான்னு பாருங்க.
4. எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசச் செலவு. அது போக, வண்டிக்கும் மருத்துவமனை அட்வான்ஸுக்கும் 25,000 உடனே எடுக்கற மாதிரி தனி அக்கவுண்ட்ல.
5. தடுப்பூசி அட்டையைத் தொலைக்காதீங்க. அரசு அட்டவணைப்படி போடற தடுப்பூசி எந்த அரசு மையத்துலயும் இலவசம் தான். எங்க வரைக்கும் போட்டிருக்குன்னு தெரியணும், அவ்வளவு தான்.

பள்ளிக்கூடம்: பேர் பெருசு, வயசு சின்னது

ஏற்காடுன்னாலே போர்டிங் ஸ்கூல் ஞாபகம் வரும். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல ஆரம்பிச்சது. ஆனா உங்க குழந்தைக்கு இப்ப ரெண்டு வயசு. அதுக்குத் தேவை போர்டிங் இல்ல, நடந்து போற தூரத்துல ஒரு அங்கன்வாடியோ ப்ளே ஸ்கூலோ. வீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. அஞ்சு வயசுக்கு அப்புறம் எங்க படிக்க வைக்கப் போறீங்கன்னும் இப்பவே பேசுங்க. "அப்போ சேலத்துக்கு இறங்கிடுவோம்"ங்கறது தான் பதில்னா, இன்னும் மூணு வருஷத்துல இன்னொரு வீடு மாத்தற செலவு நிச்சயம். அதையும் கணக்குல எழுதுங்க.

தாத்தா பாட்டி இலவச டேகேர் இல்ல

மேல கணக்குல டேகேர் 0-ன்னு போட்டேன் இல்லையா? அந்த பூஜ்யம் தான் இந்தக் கட்டுரையிலேயே சந்தேகமான நம்பர். 60 வயசு தாண்டின ஆயா, ஓடற ரெண்டு வயசுக் குழந்தைக்குப் பின்னாடி ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓடறாங்க. முழங்கால் வலி, பி.பி. மாத்திரை எல்லாம் யார் செலவு?

நேர்மையா ஒரு வழி: டேகேர்ல மிச்சமாகற 9,000-ல பாதியையாவது அவங்களுக்குன்னு ஒதுக்குங்க. கையில கொடுத்தா வாங்க மாட்டாங்க. அவங்க மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுங்க, வீட்டு வேலைக்கு ஒரு அக்காவை அரை நாள் வெச்சுக் கொடுங்க, வாரம் ஒரு நாள் அவங்களுக்கு முழு லீவ் கொடுங்க. இதைச் செஞ்சா உறவும் நிக்கும், ஏற்பாடும் நிக்கும். செய்யலன்னா ஆறு மாசத்துல ரெண்டுமே ஆட ஆரம்பிக்கும்.

வீடு மாத்தற செலவு: லாரி வாடகை மட்டும் இல்ல

- பழைய வீட்டு அட்வான்ஸ்: தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில இருக்கு. அதுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, கழிக்க வேண்டியது போக மிச்சத்தைத் திருப்பித் தரணும். சாவி கொடுக்கும்போது ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்துக்கோங்க. அந்தப் பணம் வர்றதுக்குள்ள புது வீட்டு அட்வான்ஸ் கொடுக்கணும். ரெண்டு அட்வான்ஸும் ஒரே நேரத்துல வெளிய நிக்கும், கிரெடிட் கார்டை நம்பாம முன்னாடியே சேர்த்து வைங்க.
- லாரி: பெரிய வண்டி மலை ஏறி, உங்க தெருவுக்குள்ள திரும்புமான்னு கேளுங்க. இல்லன்னா சேலத்துல இறக்கி சின்ன வண்டிக்கு மாத்தணும், கூலி ரெண்டு தடவை. சனி, ஞாயிறும் மே மாசமும் வேண்டாம், டிராஃபிக். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதுவும் வேண்டாம்.
- காகிதம்: ஆதார் முகவரி, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, கேஸ் இணைப்பு, பேங்க். குழந்தையோட பிறப்புச் சான்றிதழ்ல பேர் ஏத்தியாச்சான்னு பாருங்க. பதிவு பண்ணி 12 மாசத்துக்குள்ள ஏத்தினா கட்டணம் இல்ல. 2023 அக்டோபர் 1-க்கு அப்புறம் பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட்னு எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் தான் ஆதாரம்.
- கரண்ட்: வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனா மேலே கீசர் வருஷம் முழுக்க ஓடும், மழைக்காலத்துல துணி காயாது. தனி மீட்டரான்னு கேட்டுட்டு வீடு எடுங்க.

"வாடகை எதுக்கு, ஒரு கிரவுண்ட் வாங்கிடலாமே?"

இந்தக் குரல் கண்டிப்பா வரும். உங்க பெரியப்பாவே சொல்வார். முதல் வருஷம் வாங்காதீங்க. காரணம் இருக்கு.

மலைப் பகுதியில கட்டடம் கட்ட சாதாரண அனுமதி மட்டும் போதாது. 1990-ல அமைச்ச மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழுமம் இருக்கு, அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்கள்ல அதோட ஒப்புதலும் வேணும். எஸ்டேட்டைத் துண்டு போட்டு "வியூ பாயிண்ட் பிளாட்"னு விக்கறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு பண்றதுலயும் சிக்கல் இருக்கு. அரசு ஏழைகளுக்கும் பழங்குடி மக்களுக்கும் நிபந்தனையோட கொடுத்த பட்டா நிலம்னா, அந்த நிபந்தனையை மீறி விலை பேசறது உங்களுக்கும் ஆபத்து, அந்தக் குடும்பத்துக்கும் அநியாயம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டாவோட வகை மூணையும் ஒரு வக்கீல் பார்க்காம டோக்கன் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீங்க.

செலவையும் பாருங்க. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9%. 20 லட்சத்துக்கு வாங்கினா 1,80,000 அங்கேயே போச்சு. பிடிக்கலன்னு ரெண்டு வருஷத்துல வித்தா அந்தப் பணம் திரும்ப வராது. வாடகை வீடுன்னா ஒரு மாச நோட்டீஸ்ல வெளிய வந்துடலாம். குழந்தை சின்னதா இருக்கும்போது எந்த நேரமும் முடிவை மாத்திக்கற வசதி தான் பெரிய சொத்து.

அப்போ என்ன தான் பண்றது?

மூணு படியாப் போங்க.

முதல் படி, 2 வாரம். லீவ் போட்டுப் போகாதீங்க, வேலையோட போங்க. முடிஞ்சா மழைக்காலத்துல. நீங்க எடுக்க நினைக்கற அதே ஏரியாவுல தங்கி, காலையில மீட்டிங், ராத்திரி வீடியோ கால் எல்லாம் பண்ணிப் பாருங்க. நெட் எப்ப போகுது, கரண்ட் எப்ப வருது, குழந்தை எப்படித் தூங்குதுன்னு எழுதி வைங்க.

ரெண்டாவது படி, 3 மாசம். சென்னை வீட்டைக் காலி பண்ணாம மேலே இருந்து பாருங்க. ரெண்டு வாடகை கொடுக்கணும், தெரியும். நம்ம உதாரணத்துல ஏற்காட்டு வாடகை மூணு மாசத்துக்கு 33,000. தப்பான முடிவுல இருந்து தப்பிக்க இது மலிவான இன்சூரன்ஸ்.

மூணாவது படி, முடிவு. அப்போ இந்த நாலு கேள்விக்கும் "ஆமா"ன்னு பதில் வரணும்:
- ரெண்டு பேர் வேலையும் எழுத்துப்பூர்வமா மேலே வருதா?
- குழந்தை டாக்டர் சரின்னு சொல்லிட்டாரா?
- ஆறு மாசச் செலவு கையில இருக்கா?
- தாத்தா பாட்டி நிஜமாவே ஒத்துக்கிட்டாங்களா, இல்ல உங்க மனசு நோகக் கூடாதுன்னு தலையாட்டினாங்களா?

நாலுல ஒண்ணு "இல்ல"ன்னா, நடுவுல இன்னொரு வழி இருக்கு: சேலம். கீழே சேலத்துல வீடு, அங்கேயே டாக்டர், ஸ்கூல், ரயில். மேலே தாத்தா பாட்டி வீடு ஒரு மணி நேரத்துல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறி, ஞாயித்துக்கிழமை இறங்கலாம். மலை மொத்தமும் கிடைக்காது, ஆனா வேலையும் போகாது. நிறைய பேருக்குக் கணக்கு இங்க தான் சரியா வரும்.

குழந்தைக்குப் பெரிய ரிசார்ட்டும் வேண்டாம், வியூ பாயிண்ட் பிளாட்டும் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு, மாசக் கடைசியைப் பத்திக் கவலைப்படாத அப்பா அம்மா பக்கத்துல இருந்தா போதும். அது எந்த ஊர்ல உங்களுக்குக் கிடைக்குதுன்னு தான் நாம இவ்வளவு நேரம் கணக்குப் போட்டோம்.

உங்க வீட்டு நம்பரைப் போட்டுப் பார்த்துட்டு, மாசம் எவ்வளவு மிச்சம், எவ்வளவு ஓட்டைன்னு கமெண்ட்ல சொல்லுங்க. செல்வமகள் கணக்கு ஆரம்பிக்கறதைப் படிப்படியா அடுத்த வீடியோவுல பார்ப்போம். வீட்ல இருக்கறவங்களோட சேர்ந்து பாருங்க.